அப்பாவின் கைக்கு வாங்கிய துப்பாக்கி

என் கை சின்னது. இதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. ஆனால் பத்து மீட்டர் தள்ளி நிற்கும் காகித இலக்கை ஏர் பிஸ்டலால் சுடுகிற விளையாட்டில், கை சின்னதாக இருப்பதை ஒரு குற்றம்போல் நடத்துவார்கள் என்பது அதில் சேர்ந்தபோது எனக்குத் தெரியாது.

ரேஞ்ச் சிதம்பரத்தில் இருந்தது. கீழே பழைய நெல் மண்டி, மாடியில் நீளமான ஒரு கூடம். ஆறு பேர் வரிசையாக நின்று சுடலாம்; ஒவ்வொருவர் நிற்கும் இடத்துக்கும் லேன் என்று பெயர். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் அதை நடத்தினார். அவரை எல்லோரும் சார் என்போம். கடலூரிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து, ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் என்று குலுங்கிக்கொண்டு போவேன். ஸ்கூல் பையில் ஒரு டிபன் டப்பா, ஒரு குடை, காதுக்கு வைக்கப் பஞ்சு.

கிளப்பில் இரண்டு துப்பாக்கிகள் இருந்தன. இரண்டின் பிடியும் ஆண்களின் கைக்கு ஏற்றது. போட்டித் துப்பாக்கியின் பிடி என்பது சும்மா ஒரு கைப்பிடி இல்லை. உள்ளங்கையின் மேடு பள்ளம் பார்த்து மரத்தில் செதுக்கியது. பிடி பொருந்தினால் கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினாலும் குழல் முன்கைக்கு நேராக நிற்கும். ஆள்காட்டி விரலின் நுனிக் கணுச் சதை தானாகப் போய் ட்ரிகரில் உட்காரும். எனக்கு எட்டியது நகத்தின் ஓரம் மட்டும்தான். எட்ட வேண்டும் என்பதற்காக முழுக் கையையும் பிடியைச் சுற்றித் திருப்புவேன். திருப்பினால் குழல் ஒரு பக்கம் பார்க்கும், கை ஒரு பக்கம் பார்க்கும். நகத்தின் ஓரத்தால் அழுத்தினால் ட்ரிகர் பின்னால் வராது, பக்கவாட்டில் தள்ளும். என் குண்டுகள் எல்லாம் இலக்கின் இடது ஓரத்தில் போய்க் கும்பலாக உட்கார்ந்தன.

சார் காகிதத்தைப் பார்ப்பார், என் கையைப் பார்க்க மாட்டார். கையில் பலம் பத்தவில்லை என்றார். தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்து நிற்கச் சொன்னார். நின்றேன். மாதக்கணக்கில் நின்றேன். பலம் வந்தது. குண்டு அதே இடத்துக்குத்தான் போனது. பொம்பளைப் பிள்ளைகளுக்கு மனசு ஒரு இடத்தில் நிற்காது என்று அப்புறம் சொன்னார். கையில் இல்லாத குற்றத்தை மனசில் கண்டுபிடித்தார்.

சொந்தமாக ஒரு துப்பாக்கி வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று அப்பாவிடம் சொன்னதும் சார்தான். அப்பா நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலையில் ஃபிட்டர். அரவைக் காலத்தில் வீட்டுக்குத் தூங்கத்தான் வருவார். அப்படிப்பட்டவர் லீவு போட்டு, சாருடன் சென்னைக்குப் போய், ஒரு கடையில் துப்பாக்கி வாங்கி வந்தார். அன்றைக்கு எனக்கு இயற்பியல் செய்முறைத் தேர்வு. இன்னொரு நாள் போகலாம் என்று கெஞ்சினேன். சாருக்கு அன்றுதான் வேலை இருந்ததாம். செருப்பு வாங்கக்கூட என் காலைக் கூட்டிக்கொண்டு போன அப்பா, இதற்கு என் கை வேண்டாம் என்று போனார்.

வீட்டில் பெட்டியைத் திறந்தபோது பக்கத்து வீட்டு ஆட்கள்கூட வந்துவிட்டார்கள். மாமா, அதாவது அம்மாவின் தம்பி, துப்பாக்கியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இன்னா மச்சான், பேங்க் எதனா பாத்து வெச்சிருக்கியா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பா அதை வாங்கித் தன் கையில் பிடித்துக் காட்டினார். கடையிலும் இப்படித்தான் பிடித்துப் பார்த்தாராம். அச்சு எடுத்ததுபோல உட்கார்ந்ததாம். உண்மைதான், அவர் கைக்கு அச்சு எடுத்ததுபோலவே இருந்தது.

நான் வாங்கிப் பிடித்தேன். எட்டவில்லை. எனக்கு எதையும் மனசில் வைத்துக்கொள்ளத் தெரியாது, அப்போதே சொல்லிவிட்டேன். பிடி மீடியம் சைஸ். எனக்கு வேண்டியது ஸ்மால், அதிலும் சின்னது இருந்தால் இன்னும் நல்லது.

"வளர்ற புள்ள," என்றார் அப்பா. "யூனிஃபார்ம் கொஞ்சம் லூசாத்தான தெக்கிறோம். ஒரு வருசம் போனா சரியாப் போயிடும்."

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "வளையல் வாங்கணும்னாகூட அவளத்தான கடைக்குக் கூட்டிகினு போறோம். இதுக்கு மட்டும் ஒங்க கை போதுமா?"

அப்பா பெட்டியை மூடினார். பெட்டிக்கு மேலே ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைக்கூடக் கிழிக்க விடவில்லை.

அந்த வருஷம் முழுக்க அந்தத் துப்பாக்கியால் சுட்டேன். கிளப் துப்பாக்கியைவிட நல்ல இயந்திரம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் பிடி பிடிதானே. மணிக்கட்டு வீங்கும். பஸ்ஸில் ஜன்னல் கம்பியைப் பிடிக்க முடியாது. பரீட்சை எழுதும்போது பேனா நழுவும். இதற்கிடையில் சார் ஒரு அறிவிப்பு செய்தார். மாநிலப் போட்டிக்கான தேர்வு எங்கள் ரேஞ்சிலேயே நடக்கப் போகிறது. அதில் குறிப்பிட்ட புள்ளியைத் தொடாதவர்களுக்கு இனி லேன் கிடையாது. புதிதாகச் சேரக் குழந்தைகள் காத்திருக்கிறார்கள். அதாவது தொடாவிட்டால் நான் வெளியே. சிதம்பரத்தை விட்டால் எனக்குப் போகிற தூரத்தில் வேறு ரேஞ்ச் இல்லை.

அந்த நாட்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரியிலிருந்து ஒரு அக்கா பயிற்சிக்கு வந்தார். என்னைவிடக் குட்டையானவர். அவருடைய துப்பாக்கியைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. பிடி முழுக்க அரத்தின் தழும்பு. அங்கங்கே பச்சை நிறத்தில் ஏதோ பசை அப்பியிருந்தது. குழாய் ஒழுகினால் பிசைந்து வைப்பார்களே, அந்தப் பசை. அவர் சுட்ட காகிதத்தைப் பார்த்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. நடுவில் ஒரே ஓட்டை.

என் துப்பாக்கியை வாங்கி, தன் கையில் ஒருமுறை பிடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "யாரு பாத்து வாங்குனது?"

"அப்பா."

"அவரா சுடப்போறாரு?"

என் விரலைப் பிடித்து ட்ரிகர் வரை நீட்டிப் பார்த்தார். "கைய வெட்ட முடியாதுடி," என்றார். "மரத்த வெட்டு."

அன்றைக்குச் சாயங்காலம் அப்பாவிடம் அரம் கேட்டேன். ஃபிட்டர் வீட்டில் அரத்துக்கா பஞ்சம். எதற்கென்று கேட்டார், சொன்னேன். அவர் டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

"அதுல அரம் வெக்கிறதா? கிறுக்கா ஒனக்கு?"

"எட்டலப்பா."

"எட்டும். வளருவ."

"பதினேழு முடியப்போவுது. அம்மா கை வளந்துச்சா?"

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. கோபத்தில்தான் அதைச் சொன்னார், இல்லாவிட்டால் சொல்லியிருக்க மாட்டார். "நாளைக்கு விக்கணும்னா எவன் வாங்குவான் அத? சின்ன சைஸ் வெல போவாது, மீடியம்னா எவன் வேணா வாங்குவான்னு கடைக்காரனே சொன்னான்."

"யாரு விக்கப் போறது?"

அடுப்படியில் பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது. அப்பா டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றுதான் எனக்கு விளங்கியது. வளர்கிற பிள்ளை என்பதெல்லாம் ஒரு பேச்சு. கடையில் ஸ்மால் இருந்திருக்கிறது. அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் வேண்டாம் என்றிருக்கிறார். வாங்குகிற அன்றே விற்கிற நாளையும் யோசித்துவிட்டார். ப்ளஸ் டூ முடியும், காலேஜ் போவாள், அப்புறம் ஒரு வீட்டுக்குப் போவாள், அப்போது துப்பாக்கி எதற்கு. தூக்கிக் கொடுத்துவிடலாம். அந்த நாள் வரைக்கும் மரம் புதுசாக இருக்க வேண்டும். என் மணிக்கட்டு வீங்கினால் பரவாயில்லை.

அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் வாங்கியே தந்திருக்க மாட்டார். ஆனால் நல்லவர்கள் செய்கிற இந்த வேலைக்கு யாரும் பெயர் வைக்கவில்லை. ஒரு பொருளை உனக்கென்று கொடுப்பார்கள், கொடுக்கும்போதே அது உன்னுடையது இல்லை என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும். உனக்கு மட்டும் தெரியாது.

அவர் காலை ஷிஃப்டுக்குப் போன ஒரு நாள், நானே பிடியைக் கழற்றினேன். அம்மாவிடம் கண்மை கேட்டேன். எதற்கென்று கேட்காமல் டப்பாவை எடுத்துக் கொடுத்தாள். பிறகு போய்த் தெருக்கதவைச் சாத்திவிட்டு வந்தாள். உள்ளங்கை முழுக்க மையைத் தடவிப் பிடியை இறுக்கிப் பிடித்தேன். எங்கெல்லாம் கறுப்பு ஒட்டியதோ அங்கெல்லாம் மரம் என் கையைத் தள்ளுகிறது. அங்கே தேய்க்க வேண்டும். முதல் முறை அரத்தை வைத்தபோது என் பல் கூசியது. வீட்டில் இருந்த பொருள்களிலேயே அதிக விலை அதற்குத்தான். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உட்காரும் பின்பக்கத்தைக் குறைத்தேன். விரல் போகிற பக்கத்தைச் சரித்தேன். மறுபடி மை, மறுபடி அரம். கடைசியில் உப்புத்தாள். ட்ரிகருக்குக் கீழே இருந்த திருகைத் தளர்த்தி, அதை எவ்வளவு பின்னுக்கு இழுக்க முடியுமோ அவ்வளவு இழுத்தேன். குழலின் முன்பக்கம் மாட்டியிருந்த சின்னச் சின்ன எடைகளைக் கழற்றி வைத்தேன். பிடியின் அடியில் கையின் கீழ்ப்பாகத்தைத் தாங்கும் ஒரு பலகை உண்டு. அதை மேலே தூக்கி, இடைவெளியில் கடையில் வாங்கி வைத்திருந்த அதே பச்சைப் பசையைப் பிசைந்து அப்பி, காய்கிறதற்குள் கையை அதில் அழுத்தினேன். ஒரு கிண்ணம்போல என் கையை அது வாங்கிக்கொண்டது.

கண்ணை மூடிக் கையை நீட்டித் திறந்து பார்த்தேன். குழல் நேராக நின்றது. விரல் போய் உட்கார்ந்திருந்தது. அம்மா தரையில் கிடந்த மரத்தூளைப் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

அப்பா வந்ததும் பெட்டியைத் திறந்து பார்த்தார். மூடினார். திட்டியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். தேர்வு நாள் வரை எங்கள் வீட்டில் அம்மாவின் வழியாகத்தான் பேச்சு நடந்தது.

தேர்வு அன்று காலை நான் பஸ் ஏறியபோது அவரும் ஏறினார். வருவதாகச் சொல்லவில்லை. பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார். சிதம்பரத்தில் இறங்கியதும் கொஞ்சம் தள்ளியே நடந்து வந்தார்.

சுடுவதற்கு முன்னால் ஒவ்வொரு துப்பாக்கியையும் சோதிப்பார்கள். வெளியூரிலிருந்து வந்திருந்த ஒரு அதிகாரி மேசைக்குப் பின்னால் இருந்தார். ட்ரிகரில் எடையைத் தொங்கவிட்டுப் பார்த்தார், சரி. அளவுப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்தார், சரி. பிறகு பிடியைத் திருப்பினார். அடிப்பலகையின் ஓரத்தை விரலால் தடவினார்.

"இது மேல ஏறி வளையுதும்மா. கைய கவ்விப் புடிக்குது. இத விட முடியாது."

பலகை மட்டமாகத்தான் இருக்க வேண்டுமாம், மேல்நோக்கி வளையக் கூடாதாம். விதி அப்படி. நான் அதைப் படிக்கவில்லை. எனக்குச் சுகமாக இருந்ததால் சரி என்று நினைத்துவிட்டேன். சரிசெய்து கொண்டுவந்தால் மறுபடி பார்ப்பதாகச் சொன்னார். என் பிரிவு தொடங்க அரை மணி நேரம்கூட இல்லை. சாரிடம் ஓடினேன். மரத்தில் கை வைக்காதே என்று அன்றே சொன்னேனே என்றார். அவர் அப்படிச் சொல்லவே இல்லை.

கீழே இறங்கி மண்டியின் வாசல்படியில் உட்கார்ந்து, பலகையைச் சிமென்ட்டில் வைத்துத் தேய்த்தேன். பசை கல்லாகக் காய்ந்திருந்தது. தேய்க்கத் தேய்க்க ஓரம் உருண்டதே தவிர மட்டமாகவில்லை. என் விரல் முட்டியில் தோல் போனது. எதிரில் அப்பாவின் செருப்பு தெரிந்தது.

"அப்பிடித் தேச்சா உருண்டுகினுதான் போவும்."

நான் நிமிரவில்லை.

"குடு."

"ஒடச்சிடுவீங்க."

"குடுன்றன்ல."

எதிர்ச்சாரியில் பைக் மெக்கானிக் கடை இருந்தது. போய் ஒரு தட்டை அரத்தை வாங்கி வந்தார். படியில் உட்கார்ந்து பிடியை முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு அரத்தை வைத்தார். ஒரே திசையில், நீள நீளமாக இழுத்தார். பசை போனது. பலகையும் ஓரத்தில் ஏறித்தான் இருந்தது, அதனால் மரத்தையும் வெட்ட வேண்டியிருந்தது. அவர் ஒரு நொடிகூட நிறுத்தவில்லை. இனி இதை எவனும் வாங்க மாட்டான் என்பது என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். கறுத்த மரத்தூள் அவருடைய பேண்ட் முழுக்க விழுந்தது. ஊதினார். கண்ணுக்கு நேராகப் பிடித்து மட்டம் பார்த்தார்.

"புடிச்சிப் பாரு."

பிடித்தேன். முன்னைப்போலக் கவ்விப் பிடிக்கவில்லை. ஆனால் விரல் எட்டியது.

அதிகாரி தடவிப் பார்த்து ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்தார். நான் சுட்டேன். முதல் சில குண்டுகள் கீழே போயின, பிறகு மேலே வந்தன. இடது ஓரத்துக்கு எதுவும் போகவில்லை. கடைசிப் பத்தில் ஒன்று மோசமாகப் போனது. குறித்த புள்ளியைத் தாண்டினேன், அதிகமாக இல்லை, நாலு புள்ளி. லேன் எனக்கே. சார் வந்து கைகுலுக்கினார். நான் கை கொடுத்தேன், முகம் கொடுக்கவில்லை.

அப்பா அரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். பஸ் ஸ்டாண்டில் இரண்டு பேருக்கும் டீ வாங்கினார். பெட்டியைத் திறந்து பிடியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கட்டவெரல் பக்கம் இன்னும் தடிப்பா இருக்குதே. இடிக்கல?"

"இடிக்குது."

"ஏன் சொல்லல?"

"சொன்னா கேட்டீங்களா?"

டீ ஆறிக்கொண்டிருந்தது. கடலூர் பஸ் வந்து நின்றதும் பெட்டியை மூடி அவரே தூக்கிக்கொண்டார். இந்த முறை என் பக்கத்தில் உட்கார்ந்தார். பஸ் பு.முட்லூரைத் தாண்டியது. பிறகு, ஞாயிற்றுக்கிழமை தனக்கு ஷிஃப்ட் இல்லை, வீட்டில் நல்ல அரம் இருக்கிறது, உட்கார்ந்து பார்க்கலாம் என்றார். என் கை கூட இருக்க வேண்டும் என்றார்.