மூன்றாம் மாடியில் கஸ்தூரி

வீடு நான்காம் மாடியில். ஆனால் மூன்றாம் மாடிக்கு வந்ததுமே கஸ்தூரி கைப்பையைத் திறந்து சாவியைத் தேட ஆரம்பித்துவிடுவாள். சாவி இடது கையில்தான் இருக்கும். ஆனாலும் தேடுவாள். குடை, மருந்துச் சீட்டு, பாதி தின்ற பிஸ்கட் பொட்டலம் எல்லாவற்றையும் வெளியே எடுத்து, சுவரில் தோளைச் சாய்த்துக்கொண்டு, ஒவ்வொன்றாகத் திரும்ப உள்ளே வைப்பாள். சிங்கப்பூர்ப் பாலத்துக்கு இந்தப் பக்கம், ஸ்கூடாயில் இருக்கும் அந்த லிப்ட் இல்லாத அடுக்குமாடியில் ஏறி இறங்குகிறவர்கள், "இன்னைக்குமாக்கா?" என்று சிரித்துவிட்டுப் போவார்கள். "வயசாச்சுலா, எங்க வச்சேன்னே தெரியல" என்று அவளும் சிரிப்பாள். மறதிக்காரி என்று பெயர் எடுப்பதில் அவளுக்கு வருத்தமில்லை. நடிக்கிறவள் என்ற பெயரை வீட்டிலேயே வாங்கியாயிற்று.

நெஞ்சுவலி. இரண்டு வருடமாகிறது. முதல் தடவை வந்தபோது கணவர் சுகுமாறன் பதறிப்போனார். சிங்கப்பூர் வேலையைப் பாதியில் போட்டுவிட்டு மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி ஓடி வந்தவர், ஆஸ்பத்திரி வாசலில் நின்றபடியே முருகனுக்கு முடி நேர்ந்துகொண்டார். மணிக்கட்டு வழியாக ஒயர் விட்டு, இருதயக் குழாய்களைப் படம் எடுத்தார்கள். அடைப்பு ஒன்றுமில்லை என்றார்கள். அந்த வாரமே மொட்டை போட்டு, நான்கு மாடிக்கும் லட்டு கொடுத்தார் மனிதர். அந்தத் தலையில் முடி முளைப்பதற்குள் வலி திரும்பி வந்துவிட்டது. வேண்டுதல் தீர்த்த பிறகும் வலிக்கிறது என்றால் எந்த வீட்டில்தான் காது கொடுத்துக் கேட்பார்கள்?

"வாயுவா இருக்கும், ஓமத் தண்ணி குடி" என்றார் சுகுமாறன். பாங்கில் வேலை பார்க்கும் மகள் ஷர்மினி, "டாக்டரே நார்மல்னு எழுதிட்டாரு. நீங்களா யோசிச்சு யோசிச்சு வரவச்சுக்கிறீங்கம்மா" என்றாள்.

பல்கலைக்கழக மாணவர்கள் துணி கொண்டுவந்து போடும் டோபிக் கடையில் கஸ்தூரிக்கு மடிக்கிற வேலை. யார் பெற்ற பிள்ளையின் சட்டையோ, பையைத் துழாவிப் பார்த்து, காலரை நீவி, தன் வீட்டுத் துணிபோல மடிப்பாள். வலி வந்தால் சூடான டிரையரில் முதுகைக் கொடுத்து நிற்பாள். "எவ்வளவு நேரம் வலிக்குது?" என்று அரசாங்க ஆஸ்பத்திரியில் டாக்டர் பிரேமளா கேட்டபோது, "ஒரு டிரையர் ஓடி நிக்கிற வரைக்கும்" என்றாள். அந்தப் பெண் சிரிக்கவில்லை. இன்னொரு சோதனை செய்தார். பெரிய குழாய்களுக்கு அப்பால் மயிரிழை போன்ற சின்னக் குழாய்கள் இருக்கின்றன, இருதயம் கூடுதலாக உழைக்கும்போது உங்களுக்கு அவை சரியாக விரிவதில்லை, அந்தப் படத்தில் அவை தெரியவே தெரியாது என்று விளக்கினார். மாத்திரையில் குறையலாம், முழுக்கப் போகும் என்று சொல்ல முடியாது. "ஆனா வலி உண்மைதான்மா." கஸ்தூரி அங்கேயே அழுதுவிட்டாள்.

வீட்டுக்கு வந்து சொன்னாள். "பெரிய குழாயே கிளியரா இருக்கு, சின்னது என்னத்தப் பண்ணிரும்?" என்றார் சுகுமாறன். கெட்டவரில்லை. ஒருமுறை பயந்து மீண்டவருக்கு மறுபடியும் பயப்படத் தெம்பில்லை. "மாத்திரை குடுத்தாங்கல்ல, சாப்பிடுங்க" என்றாள் ஷர்மினி. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும் என்பார்கள். பெற்ற மகளிடம் அதைச் சொல்ல எந்தத் தாய்க்கு வாய் வரும்? அன்றோடு வலி என்ற பேச்சையே எடுப்பதை விட்டாள். சாவி தேடத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

போன சனிக்கிழமை சாயங்காலம், மூன்றாம் மாடியில் கைப்பையைத் திறந்து நின்றபோது, இதுவரை இல்லாத வலி. தாடை வரை ஏறியது. பின்னால் ஷர்மினி சாமான் பைகளோடு வந்துகொண்டிருந்தாள். இன்றைக்கு இந்த முகத்தைப் பார்த்தால் அவளுக்கே தெரிந்துவிடும், என்ன என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டாள் கஸ்தூரி.

ஷர்மினி நின்றாள். அம்மாவின் வேர்த்த முகத்தைப் பார்த்தாள். பிறகு கையைப் பார்த்தாள்.

"அலமாக், கையிலயே இருக்குலாம்மா!"

சாவியைப் பிடுங்கிக்கொண்டு இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறிப் போனாள். மேலே கதவு திறக்கும் சத்தம் கேட்டது. கஸ்தூரி பைக்குள் கையை விட்டு மறுபடியும் தேட ஆரம்பித்தாள்.