ஒன்பது ஊர்களில் பிள்ளை பெற்ற எங்கள் அம்மா

எங்கள் அம்மா ஒரு குறத்தி. மேடையேறிய ஒவ்வொரு முறையும், முதற் பாட்டுக்கு முன்பு, ஒலிவாங்கியில் அவரே சொல்லிவந்த செய்தி இது. ஆகையால் அவர் மறைந்த ஓராண்டு நிறைவில் நாங்களும் அதையே முதலில் சொல்லிவிடுகிறோம். முகம் சுளிப்பவர்கள் இந்த நினைவு மலரை இப்போதே மூடி வைத்துவிடலாம். அம்மாவுக்கு அது பழகிப்போன விஷயம்.

அம்மா பிறந்தது கிழக்கே, அக்கரைப்பற்றுக்கு அப்பால் ஒரு குறவர் கூடாரத்தில். தகப்பனார் பாம்பாட்டி, தாயார் கைரேகை பார்ப்பவர். வீட்டுப் பேச்சு தெலுங்கு. பாயையும் சட்டிபானையையும் கழுதை மேல் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகும் குடும்பம் அது. மாதா கோவில் திருநாளொன்றில் அம்மா பாடியதைக் கேட்ட சுவாமியார் ஒருவர், அவரைக் கொழும்பில் கொட்டாஞ்சேனைக் கன்னியர் மடத்துக்கு அனுப்பிவைத்தார். அங்கே படித்ததைவிடப் பாடியதே அதிகம் என்று அம்மாவே ஒப்புக்கொள்வார். துறைமுகத்தில் வேலை பார்த்துக்கொண்டே அக்கோர்டியன் வாசித்த அப்பாவைக் கைப்பிடித்ததும், இருவருமாகப் பொப் இசைக்குழு ஒன்றைத் தொடங்கியதும் பிற்பாடு நடந்தவை. வானொலியில் பாட வாய்ப்பு வாங்கித் தருவதாக வந்த ஒருவர், பிறந்த ஊரை மட்டும் யாழ்ப்பாணம் என்று மாற்றிச் சொல்லும்படி கேட்டாராம். அம்மா அவருக்குத் தேநீர் கொடுத்து, வாசல் வரை கூட்டிக்கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார் என்று அப்பா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

அம்மாவுக்கு வயிற்றில் பிள்ளை தங்கவில்லை. போர் அவருக்கு ஒன்பது பிள்ளைகளைக் கொடுத்தது என்று சிலர் அழகாகப் பேசுகிறார்கள். எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. போர் எங்களைப் பெற்றவர்களைத் தின்றது. மிஞ்சிய எங்களை அம்மா பொறுக்கியெடுத்தார். வவுனியாவில் அகதிகள் தங்கியிருந்த பள்ளிக்கூடத்தில் பாடப் போன குழுவின் வான் வண்டியில், திரும்பி வரும்போது மேளங்களுக்கு நடுவில் நான் உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்பே கிளிநொச்சியிலிருந்து பெரியண்ணன் வந்திருந்தார். கடைசித் தம்பி கொம்பனித்தெருவில் குண்டுவெடிப்பில் தாயை இழந்த சிங்களப் பிள்ளை. ஒவ்வொருவர் வந்தபோதும் அப்பா கேட்டது ஒன்றுதான், எங்கே படுக்க வைப்பது என்று.

வீட்டில் அம்மாவுக்கு ஒரு சட்டம் இருந்தது. சாப்பாட்டு மேசையில் தெலுங்கு மட்டுமே பேசலாம். வேறு மொழியில் கறி கேட்டால் கறி வராது. பெரியண்ணன் ரோசக்காரர். பல நாள் வெறுஞ்சோறு தின்றார்.

வெளியிலும் அவருக்கு ஒரு சட்டம். கலியாண வீடுகளில் எங்கள் ஒன்பது பேரோடும் முதற் பந்தியில் இருந்து சாப்பிட்ட பிறகே பாடுவார். வயிறு நிறைந்தால் குரல் எழும்பாது என்று மற்றப் பாடகர்கள் பட்டினி கிடப்பார்கள். அம்மாவுக்கு வயிறு நிறையாவிட்டால்தான் எழும்பாது. வெள்ளவத்தை மண்டபமொன்றில் பெண்ணின் தாய்மாமன் எங்களைப் பந்திக்கு முன்னால் மறித்தார். "குறை நினைக்காதேங்கோ தங்கச்சி, உங்களுக்கும் பிள்ளையளுக்கும் பின்னுக்கு அறையில சாப்பாடு வைச்சிருக்கு" என்றார்.

"சரி ஐயா. அப்ப பாட்டும் பின்னுக்கிருந்துதான் வரும்" என்றார் அம்மா.

சொன்னபடியே செய்தார். ஒலிவாங்கியை அந்த அறைக்கு இழுத்து, வாழைக்குலைகளுக்குப் பக்கத்தில் நின்று பாடினார். மேடையில் வாத்தியக்காரர் மட்டும் அசடு வழிய உட்கார்ந்திருந்தார்கள். சபை முழுவதும் கழுத்தைத் திருப்பித் திருப்பித் தேடியது. கடைசியில் கூறைச் சேலையோடு மணப்பெண்ணே எழுந்து வந்து அம்மாவின் கையைப் பிடித்து முன்னால் அழைத்துப் போனாள். அதற்குப் பிறகு வெள்ளவத்தையில் எங்களுக்கு முதற் பந்தியில் இலை போட யாரும் மறக்கவில்லை.

கொழும்பில் குண்டு வெடித்த ஒரு நாளுக்கு மறுநாள், வீடு வீடாகச் சோதனை நடந்தது. பெரியண்ணனைக் கொண்டுபோனார்கள். அவருடைய அடையாள அட்டையில் பிறந்த இடம் கிளிநொச்சி என்றிருந்தது. அந்த நாட்களில் புலி என்று சந்தேகிக்க அது போதும். அப்படிப் போன பிள்ளைகள் பலரைப் பெற்றவர்கள் இன்றும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அம்மா மீதி எட்டுப் பேரையும் தலைவாரி, கோவிலுக்குப் போகும் உடுப்புப் போட்டு, பொலிஸ் நிலையத்துக்கு நடத்திக்கொண்டு போனார்.

உள்ளே இருப்பவனும் இந்த எட்டுப் பேரும் தான் பெற்ற பிள்ளைகள் என்றார். பொறுப்பதிகாரி எங்கள் ஒவ்வொருவரையும் பிறந்த ஊர் கேட்டார். முல்லைத்தீவு, திருகோணமலை, மன்னார் என்று நாங்கள் நடுங்கி நடுங்கிச் சொன்னோம். நீ பிறந்தது அக்கரைப்பற்றில், ஒரு பெண் இத்தனை ஊரில் எப்படிப் பிள்ளை பெறுவாள் என்று அவர் மேசையில் அடித்தார். சிங்களத்தில் அம்மா கொடுத்த பதிலைத் தமிழில் எழுதுகிறேன்.

"நான் குறத்தி, மாத்தையா. எங்கட கூடாரம் எங்க நிக்குதோ அங்கதான் பிள்ளை பிறக்கும். எங்களிட்டப் போய் ஊர் கேக்கிறீங்களே."

அதிகாரி அநுராதபுரப் பக்கத்துக்காரர். சின்ன வயதில் தங்கள் ஊர்க் குளக்கரையில் குறவர் கூடாரம் பார்த்தவராம், அவர்கள் பேச்சும் காதில் விழுந்திருக்கிறதாம். அப்படியானால் உன் மகன் அந்தப் பாஷையில் பேசட்டும் என்றார். அண்ணனைக் கொண்டுவந்தார்கள். உதடு வீங்கியிருந்தது. அம்மா அவருக்கு ஒரு சாடையும் காட்டவில்லை. அண்ணன் எங்களைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார்.

"அம்மா, ஆகலி" என்றார். பசிக்கிறது என்று அர்த்தம்.

அதிகாரி அண்ணனை விட்டார். நம்பி விட்டாரா, தெரிந்துகொண்டே விட்டாரா, எனக்குத் தெரியாது. வீதிக்கு வந்ததும், இத்தனை வருடம் படிப்பித்தும் வேறொரு சொல் வாயில் வரவில்லையா என்று அம்மா அண்ணனை ஏசினார். ஏசிக்கொண்டே அழுதார். அவர் அழுததை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். குறவர் என்று ஊரார் எங்களை ஏசுவதற்கென்றே வைத்திருந்த சொல் அன்று என் அண்ணனின் உயிரைக் காத்தது.

அப்பா போன பிறகும் அம்மா பாடினார். மூச்சிழுப்பு முற்றி வைத்தியசாலையில் கிடந்தபோதும், பக்கத்துக் கட்டில்காரிக்காக முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அடக்கத்தன்று இறுதிச் சடங்கை நடத்திய மலர்ச்சாலைக்காரர், சொந்தப் பிள்ளைகள் முன்னுக்கு வாருங்கள் என்றார். ஒன்பது பேரும் போனோம். அவர் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு ஒதுங்கி நின்றார்.

ஊரடங்கு நாட்களில் மதிலுக்கு மேலால் பசிக்குப் பாண் நீட்டிய எங்கள் ஒழுங்கைக்காரருக்கும், கன்னியர் மடத்துச் சகோதரிகளுக்கும், இசைக்குழுவின் மூத்த கலைஞர்களுக்கும், இறுதிவரை பார்த்த மருத்துவர்கள், தாதியர்களுக்கும், பெயர் தெரியாத அந்தப் பொலிஸ் அதிகாரிக்கும் எங்கள் நன்றி உரியது.

இன்னும் ஒன்று. என் மகளுக்குச் சம்பந்தம் பேசி வருகிறோம். இந்த நேரத்தில் மலரில் அந்தச் சொல் வேண்டாம், மாப்பிள்ளை வீட்டார் கண்ணில் பட்டால் காரியம் கெட்டுவிடும் என்று நலம் விரும்பி ஒருவர் தொலைபேசியில் அறிவுரை சொன்னார். மகளிடம் சொன்னேன். அச்சகத்திலிருந்து பிழை திருத்த வந்த முதற் பிரதியை அவளே எடுத்துக்கொண்டுபோய் அந்த வீட்டில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். பதில் இன்னும் வரவில்லை. அவள் நன்றாகச் சாப்பிடுகிறாள், நன்றாகத் தூங்குகிறாள்.

- மகள்