கூரியரில் போன சீர்

கத்திரி வெயிலில் மாம்பழத்தைக் கூரியரில் அனுப்பலாம் என்று நினைத்த புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். என் புத்தியைத்தான் சொல்கிறேன்.

மகளுக்குக் கல்யாணமாகி முதல் கோடை. பெண் வீட்டிலிருந்து மாம்பழச் சீர் போயாக வேண்டும். நாங்கள் இருப்பது பெருங்களத்தூர், சம்பந்தி வீடு படப்பை. தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்திருக்கலாம். ஆனால் இங்கே கடைகளில் கிடைப்பதெல்லாம் கல் வைத்துப் பழுக்கவைத்தது. அந்த வீட்டில் என் பெண் தலை நிமிர்ந்து நிற்க வேண்டுமே. சேலத்துத் தோட்டக்காரர் ஒருவரிடம் போனிலேயே இமாம்பசந்துக்கு ஆர்டர் போட்டு, மகள் பெயரில் படப்பை விலாசத்தையே கொடுத்தேன்.

மகள் அதுவரை படப்பை வீட்டை 'அவங்க வீடு' என்றுதான் சொல்வாள். பெருங்களத்தூர்தான் 'நம்ம வீடு'. கேட்க எனக்கு உள்ளுக்குள் இனிக்கும்.

தோட்டக்காரர் படித்துப் படித்துச் சொன்னார். "காயாத்தான் வரும்மா. வந்த உடனே பெட்டியப் பிரிச்சுப் பரப்பி வெச்சிடணும். இந்த வெயில்ல மூடியே வெச்சா வெந்து போயிடும்."

பெட்டி போய்ச் சேர்ந்ததாக என் போனுக்குச் செய்தி வந்தது. அந்த வாரம் பார்த்து மகள் ஆபீஸ் வேலையாகப் பெங்களூர் போயிருந்தாள். சம்பந்தியம்மாவைக் கூப்பிட்டுப் பிரித்து வைக்கச் சொன்னேன்.

"பொண்ணு பேரு போட்டு வந்துகீது சம்மந்தி. அவ சீரை நாங்க பிரிச்சா நல்லாவா இருக்கும்? அவளே வந்து பிரிக்கட்டும்." குரலில் அப்படியொரு மரியாதை.

பெட்டி எங்கே இருக்கிறது என்று கேட்டேன். மொட்டை மாடித் தகர ஷெட்டில் என்றார். அந்த வெயிலில் தகரத்துக்கு அடியில்! உடனே மகளைப் போனில் கூப்பிட்டு, "நீயாவது ஒரு வார்த்தை சொல்லுடி" என்று கெஞ்சினேன்.

"அத்தைகிட்ட நான் எப்படிம்மா சொல்றது?"

பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டரையே எதிர்த்துப் பேசியவள் இவள்.

அவள் திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை, வெற்றிலை பாக்கு, பூவோடு தட்டை எடுத்துக்கொண்டு நானும் போனேன். பழம் எப்படியாவது தப்பித்திருக்கும் என்று ஒரு நப்பாசை. கூடத்தில் அவர்கள் சொந்தக்காரர்கள் நிறைய பேர். பெட்டியைக் கீழே இறக்கும்போதே அடியில் சொட்டியது. மகள் டேப்பைக் கிழித்தாள். குப்பென்று நாற்றம் எழும்பி, உட்கார்ந்திருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

"பெருங்களத்தூரு இன்னா டெல்லியிலயா கீது, கூரியர்ல சீர் அனுப்ப?" என்றார் சம்பந்தியம்மா. எல்லோரும் சிரித்தார்கள்.

நான் மகளைப் பார்த்தேன். 'அம்மா அன்னைக்கே பிரிக்கச் சொன்னாங்க' என்று ஒரே ஒரு வாக்கியம் போதும் எனக்கு. அவளுக்குத் தெரியும். சம்பந்தியம்மாவுக்கும் தெரியும். மகள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். நானும் பின்னாலேயே போனேன். குப்பைக் கூடையில் பழங்களைக் கொட்டிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"இனிமே எங்க வீட்டுக்கு எதையும் இப்படி அனுப்பாதம்மா."

தட்டை அங்கேயே வைத்துவிட்டு வந்து பஸ் ஏறினேன். பழம் போனால் போகிறது. 'எங்க' என்றாளே, அதில் நான் இல்லை.