நாங்கள் காவல் காத்த கேமரா

என்னோடு உட்கார்ந்து படம் பார்க்க எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகளில் யாரும் வருவதில்லை. கதாநாயகன் காதலியின் கண்ணைத் துடைக்கும் நேரத்தில், "போன காட்சியில இவன் கையில கடிகாரம் இல்லையே" என்று சொல்லும் ஒருவனை எத்தனை நாள்தான் சகிப்பார்கள்? ஹட்டனில் சின்னதாக ஒரு புத்தகக் கடை வைத்திருக்கிறேன். வியாபாரம் இல்லாத நேரத்தில் சினிமாவைப் பற்றிப் படித்துப் படித்து வந்த வியாதி இது. வியாபாரம் இல்லாத நேரம் எனக்கு நிறைய.

அந்த வியாதிக்கும் ஒரு தடவை உத்தியோகம் கிடைத்தது.

லயத்துக்குப் பின்னால் நாங்கள் லீக்ஸ், போஞ்சி என்று மரக்கறி போட்டிருக்கும் துண்டு நிலத்தில் எங்களுக்கு வீடு கட்டித் தருவதாக ஒவ்வொரு தேர்தலிலும் சொல்வார்கள். அதை யாருக்கோ ஹோட்டல் கட்டக் கொடுக்கப் போவதாக ஒரு பேச்சு கிளம்பியது. அப்படி ஒன்றுமில்லை என்று தோட்டத்தை நடத்தும் தொரை சொன்னார். கொடுக்கத்தான் போகிறார்கள் என்பது அதோடு எங்களுக்கு உறுதியாகிவிட்டது.

அந்த நேரம் பார்த்து ஒரு வேன் வந்து நின்றது. மூன்று கால் கருவியோடு ஏழெட்டுப் பேர் இறங்கி, சண்டைப் படம் எடுக்க வந்திருப்பதாகச் சொன்னார்கள்.

"நெலத்த அளக்க வந்தவன் அளக்க வந்தேன்னா சொல்லுவான்?" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. கொழுந்து எடுத்து ஓய்வு பெற்றவர். தன் லீக்ஸ் பாத்தியில் அடுத்த வீட்டுக் கோழி கால் வைத்தாலே ஊரைக் கூட்டிவிடுவார். "படத்துல நொட்டை சொல்றதுக்குன்னே பொறந்தவராச்சே தம்பி நீங்க. நெசப் படக்காரனுங்களான்னு போய்ப் பாத்துட்டு வாங்க."

கடையை மனைவியிடம் விட்டுவிட்டுப் போய் நின்றேன். கண்டதெல்லாம் சந்தேகத்தைத்தான் வளர்த்தது. கதாநாயகனுக்குக் காலையில் இடது கையில் கட்டு. தேத்தண்ணி குடித்துவிட்டு வந்ததும் வலது கையில். சுடப்பட்டுச் செத்த அடியாள் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு பொலிஸ் உடுப்பில் ஓடி வந்தான். எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது ஒன்று. கொழுந்து தளதளவென்று நின்ற மலையில் கதாநாயகன் பாய்ந்து விழுந்தான். அவன் எழும் காட்சிக்கு இவர்கள் தயாராவதற்குள் பெண்கள் வந்து அந்த மலையில் கொழுந்தெடுத்து முடித்துவிட்டார்கள். பச்சையில் விழுந்தவன் மொட்டைச் செடிகளுக்கு நடுவிலிருந்து எழுந்தான்.

டைரக்டரிடம் சொன்னேன்.

"அடிதடி நடக்கிறப்போ செடியை எவன் பாப்பான் சேர்?"

"இந்தத் தோட்டத்துல எல்லாரும் பாப்பாங்க."

"இந்தத் தோட்டத்துக்காகவா படம் எடுக்கிறோம்?"

சாயந்திரம் லயத்தில் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டுத் தீர்ப்பும் சொன்னேன்: இவ்வளவு மோசமாக யாராலும் படம் எடுக்க முடியாது, இவர்கள் படக்காரர்களே இல்லை. அதற்குப் பிறகு முறை வைத்து அந்தக் கேமராவைக் காவல் காத்தோம். அது எங்கே போனாலும் கூடவே போனோம். யாராவது ஒருவர் குறுக்கே நிற்போம். பெரும்பாலும் நான்தான்.

சில மாதம் கழித்துப் படம் இணையத்தில் வந்தது. என் வீட்டில் கூடிப் பார்த்தோம். கட்டு இடமிருந்து வலம் போனது, செத்தவன் பொலிஸானான், மலை மொட்டையானது. ஒன்றையும் அவர்கள் திருத்தவில்லை.

"பாவம், நெசப் படக்காரனுங்கதான்," என்றார் அக்கா. "உங்க பேச்சக் கேட்டு அந்தப் பொடியனுங்களுக்கு ஒரு வாய்த் தண்ணி குடுக்கல நானு."

எல்லோரும் சிரித்துக்கொண்டே கலைந்தார்கள். மறுநாள் தனியாக இன்னொரு தடவை போட்டேன். துரத்தல் காட்சியில், கதாநாயகனின் தோளுக்குப் பின்னால், எங்கள் மரக்கறித் துண்டில் வேறொரு மூன்று கால் கருவி நின்றது. ஒருவன் குனிந்து அதில் கண்ணை வைத்திருக்கிறான். இன்னொருவன் மண்ணில் எதையோ அடித்து இறக்குகிறான். அடுத்த ஷாட்டில் இருவரையும் காணோம். ஆனால் முந்தின ஷாட்டின் ஓரத்தில் மூன்றாவதாக ஒரு ஆள். அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இடுப்பில் கைவைத்து, கேமராவை முறைக்கிறான். தொப்பையை வைத்து அடையாளம் கண்டேன், நான்தான்.

அக்காவிடம் காட்டினேன். நேராக மரக்கறித் துண்டுக்கு நடந்து, போஞ்சிக் கொடியை விலக்கினார். உள்ளே தலையில் சிவப்புப் பெயின்ட் அடித்த ஒரு கட்டை. "படக்காரன் விட்டுட்டுப் போனதுன்னுல்ல நெனச்சேன். கொடிய ஏத்திவிட்டேனே!" தேடியபோது வரிசையாக இன்னும் சில கிடைத்தன.

போனைத் தூக்கிக்கொண்டு தொரையிடம் போனோம். அவர் காட்சியை நிறுத்தி, பெரிதாக்கிப் பார்த்தார்.

"இது படக்காரங்களோட ஆளுங்க. தெரியாம குறுக்க வந்திருப்பாங்க," என்றார். "படம் முழுக்கப் பிழைன்னு நீங்கதானே எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரியிறீங்க?"

திரும்பி வரும்போது அக்கா கேட்டார்: "அளந்தவன் மறுபடி வருவானா?"

"வருவான். கட்டையப் பாத்துத்தான் வேலி போடுவான்."

"ஒரு காட்சிக்கும் அடுத்த காட்சிக்கும் நடுவுல சாமான் எடம் மாறியிருந்தா அந்தக் கத்து கத்துவீங்களே தம்பி."

"தப்புதானே அக்கா."

"தப்புதான். அலவாங்கக் கொண்டாங்க."

கடப்பாரையைக் கொண்டுவந்தேன். படத்தில் பொருள் இடம் மாறுவதைக் கண்டித்தே வயதைக் கழித்தவன், அன்று என் கையாலேயே கட்டைகளைப் பிடுங்கி எங்கள் துண்டுக்குக் கீழே ஓடும் ஓடைக்கு அந்தப் பக்கம் நட்டேன். ஒன்றை மட்டும் பிடுங்க அக்கா விடவில்லை. போஞ்சி பூத்திருந்தது. அதை வைத்தே பிடித்துவிடுவார்கள் என்றேன்.

"அடிதடின்னு வந்துட்டா செடிய எவன் பாக்கப் போறான்?"

அன்றிலிருந்து தோட்டத்துக்குள் எந்த வேன் வந்தாலும் கடை திறக்கப் பிந்திவிடுகிறது. போய் நிற்கிறேன். இப்போதெல்லாம் மரக்கறித் துண்டைப் பார்த்தபடி, வேனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.