ராகுகாலத்தில வைச்ச கையெழுத்தும் சீனச் சட்டமும்

ஈரக் கம்பளிக் கோட்டு மணம் இன்னும் மூக்கில நிக்குது...

மொன்ட்ரியால் டவுண்டவுனில ஒரு லோயர் ஒஃபிஸ். கண்ணாடிக்கு வெளியில பனி கொட்டுது. ஹீட்டருக்குப் பக்கத்தில தொங்கவிட்ட கோட்டுகள் காய, அந்த மணமும் கோப்பி மணமும் கலந்த ஒரு மீட்டிங் ரூம். இரண்டாயிரத்தின்ர தொடக்க வருசங்கள். சீனா உலக வர்த்தக நிறுவனத்தில சேர்ந்து கன காலமில்லை. பேப்பரைத் திறந்தா சீனாவில முதலீடு எண்டதுதான் கதை.

நான் அப்ப அங்க ஸ்டாஜியேர். அதாவது சட்டம் படிச்சு முடிச்சு, லோயர் ஆக முதல் வேலை பழகிற ஆள். அந்த ஒஃபிஸில ஒரே தமிழ்ப் பிள்ளையும் நான்தான்.

யூனிவெர்சிட்டியில சீன வணிகச் சட்டம் எண்டு ஒரு பாடம் இருந்தது. எடுக்க ஆளில்லை, நான் எடுத்தன். கோட்-டெ-நெய்ஜ் அப்பார்ட்மென்டில குசினி மேசையில இருந்து படிக்கேக்க அப்பா கேப்பார், “ஏன் பிள்ளை, கனடாச் சட்டம் காணாதோ உனக்கு?”

காணாது எண்டுதான் எனக்குப் பட்டது. ஒரு காலத்தில வெளியார் முதலீட்டை வாசலிலேயே நிப்பாட்டின நாடு, சட்டத்தை ஒவ்வொண்டா மாத்திக் கதவைத் திறந்துகொண்டு வந்த கதை அது. சும்மா கதைப் புத்தகம் மாதிரி வாசிப்பன்.

எங்களுக்குத் தெரிஞ்ச குணம் அண்ணைக்கு மொன்ட்ரியால்-நோரில சின்ன வேர்க்‌ஷொப். பனி தள்ளுற ட்ரக்குக்கு முன்னால பூட்டுற தகடு செய்யிறவர். ரோட்டில இருக்கிற சாக்கடை மூடியில இடிச்சா உடையாமல் மடங்கி எழும்பும், அவற்ற சொந்த டிசைன். ஓடர் கூடிப்போச்சு, இங்க செய்து கட்டுப்படியாகேல்லை. சீனாவில ஒரு ஃபாக்டரி கூட்டுச் சேர வந்தது. “பெரிய லோயர்மாரைக் கண்டா எனக்கு நாக்குப் புரளாது. நீ பக்கத்தில இருந்தா வாறன்” எண்டார். நான்தான் கூட்டிக்கொண்டு வந்தன்.

கையெழுத்து நாள். பத்து மணிக்கு எண்டு ஒழுங்கு. சீனாக் கொம்பனி முதலாளி மிஸ்டர் லின் வந்த டாக்ஸி பனியில மாட்டுப்பட்டு, ஆள் வந்து சேர பத்தரை தாண்டிட்டுது. எங்கட பெரிய லோயர், மேத்ர் எண்டுதான் கூப்பிடுறது, நல்ல பிரெஞ்சுக்கார மனுசி, பேப்பரை எல்லாம் விரிச்சு வைச்சா.

குணம் அண்ணை பேனையைத் திறந்தார். மணிக்கூட்டைப் பாத்தார். பேனையை மூடிப்போட்டார்.

“தங்கச்சி, இண்டைக்கு வெள்ளி. ராகுகாலம் துவங்கிட்டுது. பன்னிரண்டு மணி வரைக்கும் நான் வைக்கமாட்டன்.”

இவ்வளவு நாளும் டிசைன், டொலர், டாக்ஸ் எண்டு கதைச்ச மனுசன்!

சரி, பன்னிரண்டுக்குப் பிறகு வைப்பமோ எண்டு லினைக் கேட்டா, அவர் அதுக்கு மேல. “இந்த நாளும் நேரமும் என்ர மனிசி பாத்துச் சொன்னது. மத்தியானம் தாண்டினா வைக்கமாட்டன். பின்னேரம் டொரொண்டோவுக்கும் போகவேணும்” எண்டார் இங்கிலிஷில. டொரொண்டோவில வேற ஒரு கொம்பனி அவரோட கூட்டுச் சேரக் காத்துக்கொண்டிருந்தது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

மேத்ர் என்னைப் பாக்கிறா. ராகுகாலத்துக்குப் பிரெஞ்சில நான் என்னத்தைச் சொல்ல?

இது குழம்பினா அண்ணையின்ர தொழில் போச்சு. தமிழ் ஆக்களை உள்ளுக்கு விட்டா இப்பிடித்தான் எண்ட பேரும் வரும்.

அப்பதான் அந்த ஆளில்லாத பாடம் கைகுடுத்தது.

“அண்ணை, நீங்கள் கலியாணம் கட்டேக்க முதல் றெஜிஸ்ட்ரார் எழுத்துத்தானே முடிச்சனீங்கள்?”

“ஓம், கனடாவுக்கு வாற ஸ்பொன்சருக்கு. பேந்து ஒரு வருசத்தாலதான் தாலி.”

“எழுத்துக்கு நேரம் பாத்தனீங்களோ?”

“சீச்சீ... எழுத்துக்கு ஆர் நேரம் பாக்கிறது? றெஜிஸ்ட்ரார் வந்த நேரம் வைச்சம். தாலிக்குத்தான் முகூர்த்தம்.”

“இதுவும் எழுத்துத்தான் அண்ணை. சீனச் சட்டப்படி, வெளிநாட்டு ஆக்களோட கூட்டுச் சேருற ஒப்பந்தம் கையெழுத்து வைச்ச உடன செல்லாது. அங்கத்தை அரசாங்கம் பாத்து அனுமதி தாற நாளிலதான் அதுக்கு உயிர் வரும். தாலி அங்க.”

அண்ணை என்னை ஒரு மாதிரிப் பாத்தார். “எனக்காகச் சொல்லேல்லையே?”

“சத்தியமாச் சட்டம் அண்ணை.”

பேனை திறந்தது. லின் சிவப்பு முத்திரையைக் குத்திப்போட்டு வாயெல்லாம் பல்லாச் சிரிச்சார். அவருக்கு நல்ல நேரம், எங்கட ஆளுக்கு வெறும் எழுத்து. ரெண்டு பேருக்கும் திருப்தி.

“அவருக்கு என்ன சொன்னாய்?” எண்டு மேத்ர் பிறகு கேட்டா.

“அனுமதிக்குப் பிறகுதான் செல்லும் எண்ட பிரிவை விளங்கப்படுத்தினன், மேத்ர்.”

ஒரு சொல்லும் பொய்யில்லை! அடுத்த கிழமை வந்த சீனா ஃபைல் நேர என்ர மேசைக்கு வந்தது. அண்டைக்கு மெட்ரோவில இருக்கேக்க எனக்கு வந்த பெருமை... சொல்ல வெக்கமாவும் இருக்கு, சொல்லாமல் இருக்கவும் ஏலாது. பக்கத்தில இருந்த மனுசிக்கும் சொல்லவேணும் போல இருந்தது.

அனுமதி வந்த நாளைக் குணம் அண்ணை பஞ்சாங்கத்தில பாத்தாரோ எண்டு நான் கேக்கேல்லை. அவரும் சொல்லேல்லை. தகடு மட்டும் ஒவ்வொரு குளிருக்கும் ரோட்டில ஓடுது.

இப்ப அந்தச் சட்டமே இல்லை. சீனா பழசை எடுத்துப்போட்டு, வெளிநாட்டு முதலீட்டுக்கெண்டு புதுசா ஒரே சட்டம் கொண்டுவந்திட்டுது. அநேகமான தொழிலுக்கு அந்த முன் அனுமதி தேவையில்லை. கையெழுத்து வைச்சா வைச்சதுதான்... எழுத்தும் தாலியும் ஒண்டாய்! அதையும் ஆர் இப்ப ஒரு மேசையில கூடி இருந்து வைக்கினம்? போனில விரலால தட்டுறதோட சரி. எனக்கு அந்த மேசை இல்லாதது கொஞ்சம் கவலைதான்.

போன மாசம் குணம் அண்ணையின்ர மகள் போன் எடுத்தா. இப்ப கொம்பனியை அவதான் நடத்துறா, சீனாவோட புது ஒப்பந்தம் ஒண்டு. இங்கிலிஷில கதைச்சுக்கொண்டிருந்தவ, பின்னால அப்பா ஏதோ சொல்ல, சிரிச்சுக்கொண்டு தமிழுக்கு வந்தா.

“அக்கா, அப்பா கேக்கிறார்... நான் இங்க இருந்து சைன் பண்ணுறன், அவையள் அங்க இருந்து சைன் பண்ணுகினம். எந்த ஊர் ராகுகாலம் பாக்கிறது?”

அதுக்குப் பதில் கனடாச் சட்டத்திலயும் இல்லை, சீனச் சட்டத்திலயும் இல்லை.

இந்த ஊரில எத்தினையோ பெரிய லோயர்மார். கேள்வி வந்தது என்னட்டத்தான்.