மலையில் வெட்டிய கிணறு

போர் முடிந்த பிறகு என் அத்தையும் மாமாவும் வன்னியிலிருந்து பதுளைப் பக்கத்து மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்பி வந்தார்கள். அத்தை என் அப்பாவின் தங்கை. கல்யாணமான புதிதில், இனக்கலவரத்துக்குப் பயந்து, உயிர் தப்பினால் போதும் என்று வடக்கே போனவர்கள். அங்கே காட்டை வெட்டிக் குடியேறினார்கள். சண்டை வந்தது, ஓடினார்கள். இன்னோர் இடத்தில் மறுபடியும் வீடு கட்டினார்கள், மறுபடியும் ஓடினார்கள். கடைசியில் முகாம். அதற்கும் பிறகு எங்கள் லயத்து இஸ்தோப்பு.

தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்து அறைக்கு முன்னால் ஒரு பாய் விரிக்கிற அகலத்தில் திண்ணை இருக்குமே, அதுதான் இஸ்தோப்பு. அப்பா அதைச் சுற்றித் தகரம் அடித்துக் கொடுத்தார்.

உதவி கேட்டு அப்பா அவர்களோடு ஏறி இறங்காத ஆபீஸ் இல்லை. "ஒங்க பதிவு வன்னியிலதானே இருக்கு, அங்க கேளுங்க" என்றார்கள் இங்கே. அங்கே கேட்டால், சொந்த ஊர் பதுளைதானே என்றார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஓடுவதற்கு மட்டும் எல்லா ஊரும் சொந்தம், இருப்பதற்கு ஓர் ஊரும் இல்லையா?

லயத்து ஆட்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. அத்தையைப் பார்த்துப் 'பாவம்' என்று சொல்லாத வாய் கிடையாது. ஆனால் தண்ணீர் என்று வந்தால் கதை வேறு. மலை ஊற்றிலிருந்து வரும் தண்ணீருக்கு எங்களுக்கு ஒரே குழாய்தான். வீட்டுக்கு ஒரு முறை. விடிவதற்கு முன்பே வாளிகள் வரிசையில் நிற்கும். எந்த வாளிக்குப் பின்னால் எந்த வாளி என்று எல்லோருக்கும் தெரியும். ஆள் வரப் பிந்தினாலும் வாளியின் இடத்தை யாரும் தொட மாட்டார்கள். அந்த வரிசையில் அத்தைக்கு இடமில்லை. இஸ்தோப்பில் இருப்பவர்கள் தனி வீடு ஆக மாட்டார்களாம். எங்கள் முறையில்தான் அவளும் பிடித்தாள். அம்மா ஒன்றும் சொன்னதில்லை. ஆனாலும் அத்தை ஒருநாளும் பாதி வாளிக்கு மேல் பிடிக்க மாட்டாள்.

தலை நரைத்த அந்த வயதில் அத்தை கொழுந்து பறிக்கப் பெயர் கொடுத்தாள். சில மாதங்கள் போன பிறகு தோட்டத்தை நடத்தும் தொரை, லயத்துக்கு மேலே மரக்கறி போடுகிற ஒரு துண்டு நிலத்தை ஒதுக்கினார். தகரத்தில் கொட்டில் போட்டுக்கொள்ளலாம், கல் வைத்துக் கட்டக் கூடாது. அதற்கே அத்தை வாய்விட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மறுநாள் மாமா அலவாங்குக் கம்பியோடு மேலே போனார். கொட்டிலுக்குக் கால் நடப் போகிறார் என்று நினைத்தோம். போய்ப் பார்த்தால் வட்டம் போட்டுக் கிணறு வெட்டிக்கொண்டிருக்கிறார்.

வன்னியில் எங்கே போய் இறங்கினாலும் அவர் முதலில் செய்த வேலை அதுதானாம். "கெணறு இல்லாம எப்படிக் குடியிருக்கிறது?" என்று எங்களையே திருப்பிக் கேட்டார். அப்பா வேண்டாமென்று சொல்லியும் அவர் நிறுத்தவில்லை.

எங்கள் மலையில் யாரும் கிணறு வெட்டியதில்லை. முதலில் லயமே கேலி செய்தது. குழி இடுப்பளவு ஆனபோது மழை பிடித்தது. கேலி நின்றுபோனது. முந்தைய மழைக்காலத்தில் பக்கத்து மலையில் மண் சரிந்து ஒரு லயத்தையே கொண்டுபோயிருந்தது. அத்தனை வருஷம் சமதரையில் வாழ்ந்த மாமாவுக்கு மலையின் குணம் மறந்துபோயிருந்தது.

லயத்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு தொழிற்சங்கத் தலைவர் மேலே வந்தார்.

"அண்ணே, மழத்தண்ணி இந்தக் குழியில எறங்குனா கீழ நம்ம லயம் மொத்தமா போயிரும். மூடிருங்க. இல்லாட்டி இந்தத் துண்டையே திருப்பி எடுக்கச் சொல்லித் தொரைக்கிட்ட போக வேண்டி வரும்."

அவர் சொன்னதில் தப்பில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. அத்தை, கொட்டிலுக்கென்று அடுக்கி வைத்திருந்த தகரங்களைப் பார்த்தாள். பிறகு தலைவரிடம், "எங்க போகச் சொல்றீங்க?" என்று கேட்டாள். அதில் கோபமே இல்லை. பஸ் ஸ்டாண்டில் வழி கேட்பவள் மாதிரி கேட்டாள்.

மாமா குழியிலிருந்து ஏறி, மம்பட்டியை எடுத்து மண்ணை உள்ளே தள்ள ஆரம்பித்தார்.

"எத்தனையோ கெணறு வெட்டியாச்சு. எல்லாத்தையும் தொறந்தபடியே போட்டுட்டு ஓடுனோம். ஒரு கெணத்த மூடுறதுக்கு இப்பத்தான் நேரம் கெடச்சிருக்கு" என்று சிரித்தார்.

கூட யாரும் சிரிக்கவில்லை. தலைவர் இன்னொரு மம்பட்டியைக் கொண்டுவரச் சொன்னார். இருட்டுவதற்குள் நாலைந்து பேராகச் சேர்ந்து குழியை மூடி மிதித்தார்கள்.

அடுத்த நாள் விடியற்காலையில் நான் வாளியோடு குழாயடிக்குப் போனேன். எங்கள் வாளிக்குப் பின்னால் எப்போதும் தலைவர் வீட்டு வாளி நிற்கும். அன்று அது கொஞ்சம் தள்ளி நின்றது. நடுவில் இடம் கிடந்தது.

"அது ஒங்க அத்தைக்கு" என்றார் தலைவரின் மனைவி. "போயி வாளியக் கொண்டாரச் சொல்லு."

ஓடிப்போய்ச் சொன்னேன். அத்தை வந்து அந்த இடத்தில் தன் வாளியை வைத்தாள். அவள் முறை வந்ததும் குழாய்க்கடியில் நகர்த்தினாள். பாதி நிறைந்தபோது பழக்கத்தில் அவள் கை குழாயை மூடப் போனது. பிறகு கையை இழுத்துக்கொண்டாள். வாளி நிறைந்து வழிந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பின்னால் நின்றவர்கள் யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை.