இருவாச்சிக்கு இரண்டு மாதம்

இன்று காலை எங்கள் பத்து காஜா ஊரில், தாமான் குடியிருப்புக்குப் பின்னால் நிற்கும் பெரிய மரத்தை வெட்ட ஓர் அண்ணன் ரம்பத்தோடு வந்தார்.

“அண்ணே, பொந்துக்குள்ள இருவாச்சிப் பறவை அடைகாக்குது!” என்று ஓடிப்போய்ப் பைனாகுலரை நீட்டினேன்.

அப்போது ஆண் பறவை பழத்தோடு வந்தது. மண் பூசி அடைத்திருந்த பொந்தின் சிறு பிளவில் அலகை நுழைத்து ஊட்டியது.

“பொண்டாட்டிய உள்ள வெச்சுப் பூட்டிட்டானா?”

“இல்லண்ணே, உள்ள இருந்து அவளேதான் அடைச்சுக்கிட்டா.”

அண்ணன் வெகுநேரம் பார்த்தார். பிறகு முதலாளிக்குப் போன் போட்டார்.

“போஸ், இன்னிக்கு வெட்ட முடியாது லா. உள்ள பிள்ளத்தாச்சி இருக்கு.”

போஸ் ஒத்துக்கொண்டார். ஆனால் எத்தனை நாள் என்று கேட்டார். அண்ணன் என்னைப் பார்த்தார்.

“ரெண்டு மாசம்” என்றேன், தைரியமாக.

அவரும் கிளம்பிப் போய்விட்டார்.

நான் பறவை பார்க்கத் தொடங்கியே மூன்று வாரம்தான் ஆகிறது. சரியாகத் தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.